மிதவை விமானத்தின் வலது கதிரை

விமானத்தின் முன்பக்கம் இரண்டு கதிரைகள் இருக்கும். இடது கதிரையில் இருப்பவர் முடிவெடுப்பவர், வலது கதிரையில் இருப்பவர் அதிர்ச்சியடைபவர். நான் வலது கதிரை, துணை விமானி. பெயர் ரேணுகா. பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வத்தேகமையில் வளர்ந்தவள். அப்பா தோட்டத்து ஃபெக்டரி வேலையை விட்டுவிட்டு டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டவர். அந்தக் கடையும் கட்டாரில் இருக்கும் அண்ணனும் சேர்ந்துதான் என்னைப் பறக்கப் படிக்க வைத்தார்கள்.

படிக்கும்போது கனவெல்லாம் பெரிய ஜெட் விமானம்தான். வேலை கிடைத்தது ஓர் உள்ளூர் கம்பனியில். ஒற்றை இன்ஜின், பன்னிரண்டு பேர் உட்காரலாம், கீழே இரண்டு நீளமான மிதவைகள். மிதவைக்குள் மடக்கிக்கொள்ளும் சக்கரங்களும் இருப்பதால் ஓடுபாதையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். கொழும்புப் பக்கம் விமான நிலையத்தில், கண்டியில் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில். சில நாட்களில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. புது வேலையில் சேர்ந்த முதல் மாதமே பாத்ரூமுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, இதற்கா இவ்வளவு படித்தோம் என்று யோசித்தவர் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

நீந்தத் தெரியுமா?

முதல் நாள் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, பொலிஷ் போட்ட சப்பாத்து என்று பொல்கொல்லயில் விமானம் கட்டும் மரத்துறையான ஜெட்டியில் போய் நின்றேன். கப்டன் சேனாரத்ன காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு வெறுங்காலோடு மிதவை மேல் நின்றுகொண்டிருந்தார். சிங்களவர். முன்பு வடக்கில் வேலை பார்த்ததால் கொஞ்சம் தமிழ் பேசுவார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, எத்தனை மணித்தியாலம் பறந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. நீந்தத் தெரியுமா என்றுதான் கேட்டார். பரீட்சைக்காக நீச்சல் குளத்தில் நீந்தியிருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையில் ஒரு கைப்பம்பைக் கொடுத்தார். இரவில் மிதவைக்குள் கசிந்த தண்ணீரை ஒவ்வோர் அறையாகத் திறந்து இறைத்து வெளியேற்றுவது துணை விமானியின் காலை வேலையாம். விமான இயந்திரவியலில் நான் வாங்கிய புள்ளிகள் எல்லாம் அந்தப் பம்பின் பிடியோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வந்தன.

அன்று மத்தியானம் வெளிநாட்டுப் பயணிகளோடு திரும்பி வந்து இறங்கினோம். தண்ணீரில் இறங்கும் விமானத்துக்கு பிரேக் கிடையாது. ஜெட்டிக்குக் கிட்டே வரும்போது இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், மிதந்து வரும்போது துணை விமானி கதவைத் திறந்து, மிதவையில் இறங்கி நின்று, கயிற்றோடு ஜெட்டிக்குத் தாவ வேண்டும். தாவினேன். அந்தப் பொலிஷ் போட்ட சப்பாத்து ஈர மரத்தில் வழுக்கியது. மகாவலித் தண்ணீர் இவ்வளவு குளிரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மேலே வந்து பார்த்தால் பயணிகள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள், இதுவும் டிக்கட்டோடு சேர்ந்த காட்சி என்று நினைத்து. ஜெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்வான் நானா குனிந்து என் கொலரைப் பிடித்துத் தூக்கினார். வெட்கத்தில் எனக்குத் திரும்பவும் தண்ணீருக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. அவர் என் கையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கயிற விடல்ல தானே மகள். அது போதும், மத்ததெல்லாம் காயும்."

தராசு

சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை ஆசை தீர்மானிப்பதில்லை, நிறை தீர்மானிக்கிறது. ஆகவே ஏறுமுன் பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் நிறுப்போம். அந்த வேலையும் வலது கதிரைக்காரிக்குத்தான். ஒரு பெண்ணைப் பொது இடத்தில் தராசில் ஏறச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று எந்தப் பாடசாலையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கண்டி டவுனில் மொத்த அரிசி வியாபாரம் செய்கிற ஒருவர், கல்யாண நாளுக்காக மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் நிறையையும் அந்த அம்மாவின் நிறையையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. அவர் பின்னால், அம்மா முன்னால். ஐயா ஜெட்டியிலேயே சத்தம் போடத் தொடங்கினார். கல்யாண நாளில் பிரித்து வைக்கிறீர்களா, யாரிடம் முறைப்பாடு செய்வது, மேலதிகாரி யார் என்று. நான் பயந்துபோய், எல்லாப் பெட்டிகளையும் இறக்கி வேறு மாதிரி அடுக்கினால் ஒருவேளை சரிவரலாம் என்று ரிஸ்வான் நானாவைக் கூப்பிடப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் மாத்த வேணாம் மிஸ். கல்யாணம் கட்டின நாள்லருந்து ஜன்னல் பக்கம் அவருதான் உக்காருவாரு, நான் இன்னிக்கித்தான் ஏதாச்சும் பாக்கப் போறேன்."

டிரைவரா, கண்டக்டரா?

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஹேவாஹெட்டக்காரர்கள். மாப்பிள்ளை கண்டியில் வங்கி வேலை. நான் துணை விமானி என்று அம்மா போனில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சிறிது நேரம் யோசித்துவிட்டு, துணை என்றால் கண்டக்டர் மாதிரியா, டிக்கட் கிழிக்கும் வேலையா என்று கேட்டார்களாம். அம்மா அதை அப்படியே என்னிடம் கேட்டார். எனக்கோ அன்றைக்குக் காலையில் நான் செய்த வேலைகளை நினைத்துப் பார்த்தபோது உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த கிழமை, கண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு அதே தண்ணீரில் இறக்கும் குறுகிய பயணம் ஒன்று. எனக்கு நேர் பின்னால் ஒரு பெரியவர், வேட்டி சட்டையோடு. ஏறியது முதல் மலையைப் பார்க்கவில்லை, தலதா மாளிகையைப் பார்க்கவில்லை, என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஹந்தானை மலைக்குப் பக்கத்தில் காற்று விமானத்தைக் கொஞ்சம் தூக்கிப்போட்டது. பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மனுஷன் வெளிறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். கப்டன் விமானத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினார். நான் கடதாசிப் பையைப் பெரியவர் வாய்க்குப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, நெற்றியைத் துடைத்துவிட்டேன். இரண்டாவது பையும் தேவைப்பட்டது.

ஜெட்டியில் கையைப் பிடித்து இறக்கி ஒரு பெட்டி மேல் உட்கார வைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், தான் ஹேவாஹெட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா என்றார். என் கையிலிருந்த போத்தல் நழுவிவிட்டது. அந்தச் சம்பந்தம் பிறகு கூடிவரவில்லை, மாப்பிள்ளை கனடா போய்விட்டார். ஆனால் பெரியப்பா இன்றைக்கும் தைப்பொங்கலுக்கு அப்பாவுக்குப் போன் பண்ணுவார். அன்றைக்கு அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "பொண்ணு பாக்கத்தாம்மா யாருக்கும் சொல்லாம வந்தேன். பொண்ணுதான் என்னைய நல்லாப் பாத்துருச்சி."

படகில் மணமக்கள்

நீர்த்தேக்கத்தில் நாங்கள் இறங்கும் பாதையில் யாரும் வரக்கூடாது. இறங்குமுன் ரிஸ்வான் நானா மோட்டார் படகில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்து, பாதை சுத்தம் என்று வானொலியில் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்னார். கப்டன் உயரத்தைக் குறைத்தார். மலைகளுக்கு நடுவில், தண்ணீர் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் உயரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு துடுப்புப் படகு மெல்ல வெளியே வந்தது. அதில் சிவப்புக் கூறைப்புடவையும் நகையுமாக ஒரு பெண், பக்கத்தில் பட்டுவேட்டியோடு ஒருவர், முனையில் கேமராக்காரர். படகு நேராக எங்கள் பாதையின் நடுவுக்கு வந்து நின்றது.

 கப்டனின் கை வேக நெம்புகோலை முன்னால் தள்ளியது. இன்ஜின் அலறியது. படகுக்கு மேலாக நாங்கள் எழும்பிப் போனபோது அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மல்லிகைச் சரம் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு கிட்ட. ஒரு வட்டமடித்து மறுபடி வந்து இறங்கி ஜெட்டியைச் சேர்ந்தோம். கப்டனுக்கு முகம் சிவந்திருந்தது. தான் போனால் கெட்ட வார்த்தை வந்துவிடும், நீயே போய்ப் பேசு என்று என்னை அனுப்பினார். ரிஸ்வான் நானா அவர்களைக் கரைக்கு இழுத்து வந்திருந்தார். கட்டுகஸ்தோட்டைத் தமிழ்க் குடும்பம். நான் ஏசுவதற்கு வாய் திறக்குமுன் மணப்பெண் ஆசையோடு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, அதே மாதிரி தலைக்கு மேல இன்னொரு தடவ வர முடியுமா? நான் பயத்துல கண்ண மூடிட்டேன்."

யாழ்ப்பாணத்து நண்டு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியவர் ஏறினார். கண்டியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிறார். மடியில் ஒரு பனையோலைப் பெட்டி, வாய் கட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். பலகாரம் என்றார். பலகாரத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாத்தளையைத் தாண்டி, கண்டிக்கு இறங்கத் தயாராகும்போது கப்டன் என் பக்கம் திரும்பாமல், தன் காலுக்குக் கீழே ஏதாவது தெரிகிறதா பார் என்று மிக மெதுவாகச் சொன்னார். மிதவை மேல் மட்டுமல்ல, விமானம் ஓட்டும்போதும் அவர் வெறுங்கால்தான். குனிந்து பார்த்தேன். மிதிகட்டைக்குப் பக்கத்தில், என் உள்ளங்கையை விடப் பெரிய நண்டு ஒன்று, இரண்டு கொடுக்கையும் உயர்த்திக்கொண்டு, அவர் பெருவிரலைப் பார்த்தபடி நிற்கிறது. மிதிகட்டையை அவர் இப்போது அமுக்காமல் இருக்க முடியாது. அமுக்கினால் விரல் போகும். விரல் போனால் கால் துள்ளும். கால் துள்ளினால் விமானம் எங்கே திரும்பும் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

பெல்டைத் தளர்த்திக்கொண்டு, வரைபடப் பலகையை நண்டுக்கும் விரலுக்கும் நடுவில் செருகினேன். அது பலகையைப் பிடித்தது. மற்றக் கொடுக்கு என் சுண்டுவிரலைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் அப்படியே தூக்கிக் கடதாசிப் பைக்குள் போட்டு, பையை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் விரலோடு இறங்குவதற்கான சோதனைகளை வாசித்து முடித்தேன். ஜெட்டியில் பையை அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்டார், மகளுக்கு ஊர் நண்டென்றால் உயிர் என்றார். பிறகு ஓலைப்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார், பையைத் திறந்து பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். "பிள்ளை, குறை நினையாதேங்கோ. நான் நாலெல்லோ கொண்டு வந்தனான், இதிலை மூண்டுதான் கிடக்கு."

துரை

ஒரு காலை, கொழும்பிலிருந்து வந்த பயணிகள் ஜெட்டியில் நின்றிருந்தார்கள். அவர்களில் தொப்பி போட்ட வயதான ஒருவர், கையில் தடி. முந்திய காலத்தில் தோட்டத் துரையாக இருந்தவராம். வெளிநாட்டிலிருந்து வந்த மகனோடு, தான் வேலை செய்த மலைகளை மேலிருந்து பார்க்க வந்திருந்தார். நான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பட்டி போட்ட சட்டை லைஃப் ஜாக்கெட்டுக்குள் மறைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து, தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டார். தடியால் பெட்டியைத் தட்டி, "ஏய், பொட்டி தூக்கு. கீழ போடாத" என்றார்.

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. மிகச் சாதாரணமாக வந்தது. சின்ன வயதில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அம்மாவோடு நிற்கும்போது கேட்ட அதே தொனி. என் முதுகு நான் சொல்லாமலே குனிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி வைத்தேன். எல்லோரையும் ஏற்றி, பெல்ட் போட்டுவிட்டு, கதவை மூடி, முன்னால் போய் வலது கதிரையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன். பின்னால் திடீரென்று பேச்சு நின்றது. அன்றைக்குக் கப்டன், புறப்படுவதை நீயே செய் என்று என்னிடம் விட்டிருந்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, பன்வில பக்கம் திரும்பி, தேயிலை மலைகளின் மேலாக ஒரு சுற்று வந்தோம். அவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கப்டன் பிறகு சொன்னார்.

இறங்கிய பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மகன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார், இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தமிழில்தான் சொல்ல வேண்டும் போல. "நீங்க" என்றார். நிறுத்தினார். வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி "நீங்க" என்றார். வா, போ, தூக்கு, வெட்டு என்று எத்தனையோ வருஷம் பேசிய தமிழில் அந்தச் சொல்லுக்குப் பிறகு வரவேண்டியது அவரிடம் இல்லை. நான் உதவி செய்யவில்லை. ஏனென்று தெரியவில்லை, செய்யத் தோன்றவில்லை. கடைசியில் அவரே என்னிடம் கேட்டார்: "நீங்க சொல்லி ஆரம்பிச்சா, முடிவுல என்ன சொல்லணும்? எனக்கு யாரும் அது படிச்சிக் குடுக்கல்ல."

மூட்டம்

பொல்கொல்லயில் காலை மூட்டம் நாங்கள் எல்லோரும் அறிந்ததுதான். வெயில் ஏறினால் கலைந்துவிடும். சில நாள் ஏறினாலும் கலையாது. அப்படி ஒரு நாள் மட்டக்களப்புப் பயணம். மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் முதலே வந்து நின்றார். இரவு உம்மா மௌத்தாகிவிட்டதாகவும், நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றும், ஊர் மட்டக்களப்புப் பக்கம் என்றும் சொன்னார். அழவில்லை. உம்மாவின் முகத்தை ஒருக்காப் பார்த்தால் போதும் என்றார்.

எதிர்க்கரை தெரியவில்லை. தண்ணீருக்கும் மூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் கப்டனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார், முடியாது என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி போனேன், மேலே எழும்பிவிட்டால் வெயில்தானே என்றேன். எழும்புவதற்கு முன்னால் மலை இருக்கிறது என்றார். இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று எனக்குத் திக்கென்றது. அவரே அந்தப் பயணியிடம் போய், இதை நம்பி நிற்க வேண்டாம், ரோட்டில் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். ரிஸ்வான் நானா ஒரு வேனைப் பிடித்துக் கொடுத்தார். வேன் மகியங்கனைப் பாதையில் போனது.

அவர் போய் அரை மணித்தியாலம் ஆகியிருக்காது, மூட்டம் யாரோ துணியை உருவியது போலக் கலைந்தது. எதிர்க்கரை, மலை, மலைக்கு மேலே நீல வானம், எல்லாம் தெரிந்தது. நான் ஓடிப்போய் அவருக்குப் போன் எடுத்தேன். மலைப் பாதையில் சிக்னல் இல்லை. எடுத்துக்கொண்டே இருந்தேன். கப்டன் விமானத்தில் ஏறினார். நாங்கள் மற்றப் பயணிகளோடு மட்டக்களப்பில் இறங்கியபோது பள்ளியில் ளுஹர் பாங்கு இன்னும் சொல்லவில்லை. மடவளைக்காரருடைய கதிரை வெறுமையாக இருந்தது.

பின்னேரம்தான் போன் கிடைத்தது. வழியில் மண்சரிவு வேலை நடந்த இடத்தில் வேன் நின்றுவிட்டதாம். போய்ச் சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், மூட்டம் இப்படிச் செய்துவிட்டதே என்றேன். அவர் சொன்னார்: "மூட்டத்துக்கு ஏசி என்ன மகள். உம்மா உசிரோட இரிக்கக்குள்ள ரோட்டு தொறந்துதானே கிடந்திச்சு."

சக்கரம்

கடைசியாக ஒன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு, விமானம் நிறையப் பயணிகள். மாவனல்லைக்கு மேலே போய்க்கொண்டிருந்தோம். கப்டன் பேசுவதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறம். சட்டை முழுக்க வியர்வை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் நெஞ்சுவலி என்று நினைத்தேன். சிறுநீரகக் கல், முன்பும் வந்திருக்கிறது, பயப்படாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு அவரால் நிமிர முடியவில்லை. விமானம் என் கைக்கு வந்தது.

கண்டிக்கே போ என்றார். கிட்டே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் மலைகளுக்கு நடுவில் அந்தச் சின்னத் தண்ணீரில் இறக்க எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது செய்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கொழும்பில் நீளமான ஓடுபாதை, தீயணைப்பு வண்டி, அம்பியூலன்ஸ், எல்லாம் இருக்கிறது. நான் திரும்புகிறேன் சேர் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் அவர் சொல்லி நான் கேட்காத முதல் விஷயம் அது. திரும்பினேன். கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிய குரல் என்னுடையது போலவே இல்லை, யாரோ நிதானமான பெண் பேசுகிறாள் போலிருந்தது.

எங்களுடையதைப் போன்ற விமானங்களில் ஆளைக் கொல்லும் தவறு ஒன்றுதான்: தண்ணீருக்குச் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போவது, நிலத்துக்கு இறக்காமல் போவது. அவர் இடுப்பைப் பிடித்துச் சுருண்டு கிடந்தபடியே "சக்கரம்" என்று முனகினார். இறக்கினேன், பச்சை விளக்குகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். மறுபடி முனகினார், மறுபடி சொன்னேன். தரையைத் தொட்டபோது ஒருமுறை துள்ளியது, பிறகு உட்கார்ந்தது. ஓடி நின்றது. பின்னால் ஒரு பயணி, ஏரியில் இறங்குவோம் என்றல்லவா சொன்னார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அம்பியூலன்ஸில் ஊசி போட்டார்கள். கதவை மூடுவதற்குள் கப்டன் கையை நீட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். பாராட்டப் போகிறாரா, சொல் கேளாததற்கு ஏசப் போகிறாரா என்று தெரியாமல் குனிந்தேன். தன்னுடைய தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சரியாத்தான் செஞ்சது மகள். ஆனா என் கார் பொல்கொல்லயில நிக்குது."

அந்த முதல் வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: வானத்தில் வரும் அதிர்ச்சிக்கெல்லாம் எங்கள் கைநூலில் ஒரு பக்கம் இருக்கிறது, ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் வருவதற்குத்தான் எவரும் இன்னும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.